கேட்பவரும் கேட்கப்படுபவரும்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பொதுச் சுகாதார ஆய்வு

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அயோத்திதாசப் பண்டிதரை நாம் பத்திரிகையாளராக, பௌத்தராக, வரலாற்றை மாற்றி எழுதியவராகப் பேசிவருகிறோம். 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ பற்றிய பேச்சு இல்லாமல் நம் மேடைகள் நிறைவதில்லை. அவர் தொழிலால் சித்த மருத்துவர் என்பதையும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம்மை எந்தப் பெயரில் எழுத வேண்டும் என்று அரசோடு வாதாடியவர் என்பதையும் மட்டும் ஓரிரு வரியில் கடந்துவிடுகிறோம். நோயைப் பார்த்தவரே படிவத்தையும் பார்த்தார். இந்த இரண்டு வேலையும் சேர்ந்ததற்கு இன்று பொதுச் சுகாதார ஆய்வு என்று பெயர்.

இந்த உரையை எழுதிய நாங்கள் மூவரும் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை முடித்தவர்கள். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் கேள்வித்தாளோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள். அதற்கு முன்பு, அதே போன்ற கேள்வித்தாள்களுக்கு எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பதில் சொன்னவர்கள். நம் பிள்ளைகள் இப்போது இந்தப் படிப்புக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். முதுகலையோடு நிற்காமல் முனைவர் பட்டம் வரை போக வேண்டும் என்றால் என்ன தெரிந்திருக்க வேண்டும், களத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை அவர்களுக்காகச் சொல்கிறோம். இலக்கிய மன்றத்தில் இதற்கென்ன வேலை என்று தோன்றலாம். கேள்வி என்பது மொழியால் ஆனது. அந்த இடத்துக்குப் பிறகு வருவோம்.

முதலில் இடம். புதுச்சேரி மாவட்டத்தின் பரப்பு 300 சதுர கிலோமீட்டரை எட்டாது. அதற்குள் எத்தனை மருத்துவக் கல்லூரிகள் என்று எண்ணிப் பாருங்கள். கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் அரசுக் கல்லூரி, காலாப்பட்டில் ஒன்று, மதகடிப்பட்டில் ஒன்று. வில்லியனூர் கொம்யூனில் அரியூரிலும் கூடப்பாக்கம் பக்கத்திலும் ஒவ்வொன்று. பாகூர் கொம்யூனில் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் ஒவ்வொன்று. இவை போதாதென்று, 1975 முதல் இயங்கும் ஐ.சி.எம்.ஆரின் நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம். 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து கணக்கிட்டால் இங்கே மருத்துவக் கல்விக்கு 200 வயது ஆகிவிட்டது.

இத்தனை நிறுவனங்களுக்கும் ‘களம்’ வேண்டும். சமூக மருத்துவத்தில் பட்ட மேற்படிப்புக்கு வரும் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுத வேண்டும். பொதுச் சுகாதார முதுகலை மாணவரும் அப்படியே. எம்.பி.பி.எஸ். மாணவர்கள் குடும்பங்களைத் ‘தத்தெடுக்கும்’ திட்டமும் வந்துவிட்டது. (அந்தச் சொல்லைக் கேட்டுப் பாகூர்ப் பக்கத்து ஆயா ஒருவர் சிரித்த சிரிப்பு இன்னும் எங்கள் காதில் இருக்கிறது.) ஜிப்மரின் கிராமச் சுகாதார மையம் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த இராமநாதபுரத்தில் இருக்கிறது. இராமநாதபுரம், பிள்ளையார்குப்பம், தொண்டமாநத்தம், துத்திப்பட்டு ஆகிய ஊர்கள் அதன் பணிப்பரப்பு. மருத்துவ இதழ்களில் ‘புதுச்சேரியின் கிராமப்புறத்தில்’ என்று தலைப்பிட்டு வரும் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மது, முதியோர் நலம் பற்றிய பல கட்டுரைகளின் பின்னால் இப்படிப்பட்ட ஊர்களின் வாசல்கள்தாம் இருக்கின்றன.

இந்த ஆய்வுகளால் பயனில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 1981 முதல் 1985 வரை, பி. கே. ராஜகோபாலன் இயக்குநராக இருந்த காலத்தில், நோய்க்கடத்தி மையம் யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவைப் புதுச்சேரி நகரில் ஒருங்கிணைந்த முறையில் கட்டுப்படுத்திக் காட்டியது. சாக்கடை சாக்கடையாக, கிணறு கிணறாகக் கொசு எங்கே முட்டையிடுகிறது என்று தேடிய வேலை அது. நோயை ஆளிடம் தேடுவதோடு நிற்காமல் ஆள் வாழும் இடத்திலும் தேடினார்கள். சாதியைப் பற்றி ஆய்வு செய்ய வருபவருக்கும் இதுதான் முதல் பாடம். நம் ஊர்களில் சாதி என்பது முதலில் வீடு இருக்கும் இடம்.

அந்த இடம் ஆய்வுக்குள் வராமல் எப்படி நழுவுகிறது என்று பார்ப்போம்.

தடுப்பூசி எத்தனை பிள்ளைகளுக்குச் சேர்ந்தது என்று அளக்க உலக சுகாதார நிறுவனம் ஒரு காலத்தில் பரப்பிய முறை ஒன்று உண்டு. 30 ஊர், ஊருக்கு 7 பிள்ளை. ஊரின் நடுவிடத்துக்குப் போக வேண்டும். ஒரு திசையைக் குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும். அந்தத் திசையில் ஊரின் எல்லை வரை வீடுகளை எண்ணி, அவற்றில் ஒன்றைக் குலுக்கி எடுத்து, அங்கிருந்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று 7 பிள்ளைகள் சேரும் வரை போக வேண்டும். செலவு குறைந்த முறை என்பதால் உலகம் முழுக்கப் பயன்பட்டது. இதைப் பாகூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் செய்து பாருங்கள். ஊரின் நடுவிடம் எது? கேட்டால் கோயிலைக் காட்டுவார்கள். கோயிலிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் தெரு முடிகிற இடத்தில் வீடுகளும் முடிந்துவிடும். அதற்கப்பால் வயல், வாய்க்கால். அதையும் தாண்டித்தான் நாம் பேட் என்று சொல்கிற காலனி. கணக்கெடுப்பவர் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், விதியை வரிக்கு வரி பின்பற்றி, ஒரு பேட்டு வீட்டைக்கூடப் பார்க்காமல் திரும்பிவிட முடியும். அவர் தரும் எண் ‘கிராமத்தின் எண்’ என்று அச்சாகும்.

உலக சுகாதார நிறுவனமே 2018இல் வெளியிட்ட கையேட்டில், வீடுகளை முழுதாகப் பட்டியலிட்டு அதிலிருந்து தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறச் சொல்லிவிட்டது. ஆனாலும் அவசரத்தில் செய்யப்படும் பட்டமேற்படிப்பு ஆய்வுகளில் ‘கோயிலில் தொடங்கிப் பக்கத்து வீடு’ என்ற பழக்கம் போகவில்லை. ஆகவே மாணவர்களுக்குச் சொல்கிறோம்: பட்டியலை நீங்களே நடந்து எழுதுங்கள். அங்கன்வாடிப் பணியாளரிடமும் ஆஷாவிடமும் இருக்கும் பதிவேட்டை வாங்கி அதோடு ஒப்பிடுங்கள். ஊரையும் பேட்டையும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, இரண்டிலிருந்தும் போதிய வீடுகளை எடுங்கள். இதை ஆய்வு முன்மொழிவிலேயே எழுதிவிட வேண்டும். களத்தில் இறங்கிய பிறகு சேர்க்கப் பார்த்தால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நேரமும் ஒரு வடிகட்டிதான். காலை 10 மணிக்குக் கல்லூரி வண்டி பேட்டில் வந்து நிற்கும்போது நடவுக்கும் களைக்கும் கரும்பு வெட்டுக்கும் போனவர்கள் போய்விட்டார்கள். வீட்டில் முதியவர்களும் சிறு பிள்ளைகளும்தான். ‘வீடு பூட்டியிருந்தது, அடுத்த வீட்டை எடுத்தோம்’ என்று எழுதிவிட்டுப் போனால், உழைக்கிற உடம்புகள் அந்த ஆய்விலிருந்து மொத்தமாக வெளியே போய்விடும். விடியற்காலையிலோ, இருட்டிய பிறகோ, வாரச்சந்தை நாளைத் தவிர்த்தோ மறுபடி போக வேண்டும். எத்தனை முறை போவது என்பதையும் முன்பே முடிவுசெய்து எழுத வேண்டும்.

புதுச்சேரிக்கே உரிய தொல்லைகள் சில இருக்கின்றன. வில்லியனூர் கொம்யூனிலும் ஒரு பிள்ளையார்குப்பம், பாகூர் கொம்யூனிலும் ஒரு பிள்ளையார்குப்பம். கொம்யூன் பெயர் எழுதாத படிவம் எந்த ஊருக்குப் போகும் என்று சொல்ல முடியாது. அடுத்தது எல்லை. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பங்கீட்டால் புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. கடலூர்ச் சாலையில் கிருமாம்பாக்கம் புதுச்சேரி, சற்றுத் தள்ளி ரெட்டிச்சாவடி தமிழ்நாடு. கர்ப்பிணிகளை மாதக்கணக்கில் பின்தொடரும் ஆய்வில், பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண் அடுத்த மாநிலத்துப் பதிவேட்டுக்குள் போய்விடுகிறாள். காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் வேலை தேடி இரண்டு கிலோமீட்டர் நகர்ந்தால் போதும், அவரும் அப்படித்தான். ‘தொடர்பு விட்டுப்போனது’ என்று இவர்களை நீக்கிவிட்டால் யார் அதிகம் நீக்கப்படுவார்கள்? நிலம் இல்லாதவர்கள், இடம் மாறி மாறிப் பிழைப்பவர்கள்.

எண்ணிக்கையில் விழுந்த பெரிய ஓட்டை இருளர்களுடையது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரியில் பழங்குடியினர் எண்ணிக்கை பூச்சியம். புதுச்சேரிக்கென்று பழங்குடிப் பட்டியலே அப்போது இல்லை. 2016 டிசம்பரில்தான் வில்லி, வேட்டைக்காரன் உள்ளிட்ட இருளர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். ஏரிக்கரையிலும் வரப்பிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் புள்ளிவிவரத்தில் இல்லாமல் இருந்தார்கள். அந்தப் பூச்சியத்தை நம்பித் திட்டம் போட்டவர்களுக்கு அவர்களுடைய பாம்புக்கடியும் காசநோயும் எந்த அட்டவணையில் தெரிந்திருக்கும்? சாதிக் கட்டத்துக்காகப் பண்டிதர் வாதாடியது இதற்காகத்தான்.

இனி அளவுகோல்களுக்கு வருவோம். இது கொஞ்சம் கணக்குப் பாடம் போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆய்வு நூல்களில் நம் வாழ்க்கை மாயமாவது பெரும்பாலும் இங்கேதான்.

‘சமூகப் பொருளாதார நிலை’யை அளக்க நம் மருத்துவக் கல்லூரிகளில் மூன்று அளவுகோல்கள் பழக்கத்தில் இருக்கின்றன. 1961இல் வந்த பி. ஜி. பிரசாத் அளவுகோல் தலைக்கு மாத வருமானத்தை மட்டும் பார்க்கும். 1976இல் வந்த குப்புசாமி அளவுகோல் குடும்பத் தலைவரின் படிப்பு, தொழில், வருமானம் மூன்றையும் பார்க்கும். அது நகரத்துக்கென்று செய்யப்பட்டது. இரண்டிலும் சாதி கிடையாது. 1964இல் கிராமத்துக்கென்று உதய் பரீக்கும் திரிவேதியும் செய்த அளவுகோலில் சாதி இருக்கிறது. எப்படி இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பட்டியல் சாதி என்றால் 1 மதிப்பெண். அங்கிருந்து படிப்படியாக ஏறி, ஆதிக்க சாதி என்றால் 6. நிலம், வீடு, உழவுக் கருவி ஆகியவற்றின் மதிப்பெண்களோடு இதையும் கூட்டி ஒரே எண்ணாக்கிவிடுவார்கள். ஆக ஒரு பக்கம் சாதியே இல்லை. இன்னொரு பக்கம் சாதி என்பது எருமை, ஏர் போல ஒரு சொத்து. கூட்டி முடித்த பிறகு அந்த எண்ணிலிருந்து சாதியைத் தனியே பிரிக்கவும் முடியாது. மாணவர்கள் சாதியையும் வருமானத்தையும் நிலத்தையும் வீட்டின் இருப்பிடத்தையும் தனித்தனிக் கேள்வியாகக் கேட்டு, தனித்தனியாகவே பதிவுசெய்ய வேண்டும்.

அதன் பிறகும் ஒரு பொறி இருக்கிறது. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் நம் பிள்ளைகள் திணறுவது பெரும்பாலும் இதில்தான். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறோம். எண்கள் கற்பனை, தர்க்கம் கற்பனை இல்லை.

பேட்டில் 1,000 பெண்கள், ஊரில் 1,000 பெண்கள். எல்லோருக்கும் இரத்தம் சோதிக்கிறோம். பேட்டில் 600 பேருக்கு இரத்தசோகை, ஊரில் 400 பேருக்கு. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. உடனே கேள்வி வரும்: ‘இது சாதியா, வறுமையா? வருமானத்தைச் சரிக்கட்டிப் பார்த்தீர்களா?’ சரி, பார்ப்போம். பேட்டில் 750 பேர் ஏழைகள், 250 பேர் கொஞ்சம் வசதி. ஊரில் இது தலைகீழ்: 250 ஏழைகள், 750 வசதி. ஏழைகளில் 100க்கு 70 பேருக்கும், வசதியுள்ளவர்களில் 100க்கு 30 பேருக்கும் இரத்தசோகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டில் ஏழைகளில் 525, வசதியில் 75; கூட்டினால் 600. ஊரில் ஏழைகளில் 175, வசதியில் 225; கூட்டினால் 400. ஏழையை ஏழையோடும் வசதியை வசதியோடும் ஒப்பிட்டால் ஊருக்கும் பேட்டுக்கும் துளி வித்தியாசம் இல்லை. ‘பார்த்தீர்களா, சாதிக்கும் இரத்தசோகைக்கும் சம்பந்தமில்லை, வறுமைதான் காரணம்’ என்று முடிவுரை எழுதிவிடுவார்கள்.

கணக்கில் பிழையில்லை, முடிவுரையில் இருக்கிறது. பேட்டில் 750 பேர் ஏழைகளாகவும் ஊரில் 250 பேர் மட்டும் ஏழைகளாகவும் இருக்கிறார்களே, அது எப்படி வந்தது? நிலம் யாரிடம் இருந்தது, கூலி யாருக்கு என்று தீர்மானித்தது எது? சாதியிலிருந்து நிலத்துக்கும், நிலத்திலிருந்து வருமானத்துக்கும், வருமானத்திலிருந்து தட்டில் விழும் சோற்றுக்கும் ஒரு பாதை போகிறது. வருமானம் அந்தப் பாதையின் நடுவில் இருக்கும் காரணி. நோய்ப்பரவலியலில் இதை இடைக்காரணி என்பார்கள். குழப்பக் காரணி என்பது வேறு. அது காரணத்துக்கும் விளைவுக்கும் வெளியே நின்று இரண்டையும் பாதிப்பது, அதைச் சரிக்கட்டித்தான் ஆக வேண்டும். இடைக்காரணியைச் சரிக்கட்டினால் பாதையையே அடைத்துவிட்டு ‘வழியே இல்லை’ என்று சொல்வதாகிவிடும். நம் கணக்கிலிருந்து எழுத வேண்டிய சரியான முடிவு, சாதி வறுமையின் வழியாக வேலை செய்கிறது என்பது. இதைத் தெளிவாகச் சொல்லக் கற்றுக்கொண்ட மாணவரை எந்தத் தேர்வாளரும் மடக்க முடியாது. நிஜ வாழ்வில் வறுமை வழியாகப் போகாத பாதைகளும் உண்டு. தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரம், மழைக்காலத்தில் வடிகால் எந்தப் பக்கம் வழிகிறது, சுகாதார நிலையத்தில் எவ்வளவு நேரம் காக்க வைக்கிறார்கள், தொட்டுப் பார்த்தார்களா. இவற்றை அளந்தால்தான் தெரியும். அளக்காததை ‘இல்லை’ என்று எழுதுகிற பழக்கம் நம் துறையில் மிகப் பழையது.

இந்த வேலையை நமக்கு முன்பே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். அமெரிக்கக் கறுப்பினத்து அறிஞர் டூ பாய்ஸ், ஹார்வர்டில் 1895இல் முனைவர் பட்டம் பெற்றவர். மறு ஆண்டு பிலடெல்பியா நகரின் ஏழாம் வார்டில் குடியேறி, வீடு வீடாகத் தானே போய்க் கேட்டு எழுதினார். அந்த நூல் 1899இல் வந்தது. கறுப்பர்கள் அதிகம் சாவதற்கு அவர்கள் இரத்தம் காரணமென்று அன்றைய மருத்துவம் சொல்லிக்கொண்டிருந்தபோது, வீட்டையும் கூலியையும் சாக்கடையையும் பாருங்கள் என்று எண்களோடு காட்டினார். தங்களை ஆராய வந்தவரை அந்தப் பகுதி மக்கள் விரும்பவில்லை என்றும் பின்னாளில் அவரே எழுதினார். தன் இனத்தவர் என்பதாலேயே கதவு திறந்துவிடாது என்பது நமக்கும் தெரிய வேண்டிய செய்தி. 1946இல் அம்பேத்கர் இவருக்குக் கடிதம் எழுதியதும் அவர் பதில் எழுதியதும் நீங்கள் அறிந்ததே.

நம் பேட்டிலும் கதவு தானாகத் திறக்காது. ‘இதோட எத்தினி பேரு எழுதிக்கினு போயிட்டாங்க, என்னா வந்துச்சி?’ என்பதுதான் முதல் வரவேற்பு. அது நியாயமான கேள்வி. ஊருக்குள் போகும்போது வேறு கேள்வி: ‘எந்தப் பக்கம் தம்பி நீ? எந்தத் தெரு?’ பதில் தெரிந்ததும் பாய் விரிப்பதும் விரிக்காததும், தண்ணீர் செம்பில் வருவதும் வராமலே போவதும் மாறும். எங்களில் ஒருவர் ஒரு நாள் முழுவதும் வெயிலில் நின்றபடியே 11 படிவங்களை நிரப்பியிருக்கிறார். அன்று மாலை கல்லூரியில் ‘ஏன் பதில்கள் சுருக்கமாக இருக்கின்றன?’ என்று கேட்டார்கள். கேட்பவரின் சாதி பதிலை மாற்றும் என்பது ஆய்வு முறையியலுக்கு உள்ளே வர வேண்டிய விஷயம். யார் எந்த வீட்டில் கேட்டார்கள், எங்கே உட்கார வைத்தார்கள் என்பதைக் குறிப்பேட்டில் அன்றன்றே எழுதுங்கள். இரண்டு பேராகப் போங்கள். முக்கியமாக, அவமானத்தைத் தனியாகச் சுமக்காதீர்கள். நெறியாளரிடம் எழுத்தில் சொல்லுங்கள்.

ஒப்புதல் படிவம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஒரு செயல்விளக்கத் திட்டமாகப் பள்ளிச் சிறுமிகளுக்குப் போட்டார்கள். பாத் என்ற அமெரிக்க நிறுவனம் நடத்தியது. கம்மத்தில் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோர் கையெழுத்து இல்லை, விடுதிக் காப்பாளர் போட்ட கையெழுத்துதான். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. நம் பிள்ளைகள் ஆதிதிராவிடர் விடுதிகளில் இருக்கிறார்கள், அங்கே காப்பாளர் கையெழுத்து எளிதாகக் கிடைக்கும். அதனாலேயே அதை வாங்கக் கூடாது. ஐ.சி.எம்.ஆரின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் பின்தள்ளப்பட்டவர்களைத் தனிக் கவனிப்பு தேவைப்படுவோராகச் சொல்கிறது. மறுக்கிற உரிமை நிஜமாகவே இருக்க வேண்டும். பஞ்சாயத்துக்காரரோ நிலக்காரரோ பக்கத்தில் நிற்கும்போது வாங்கும் ‘சரி’ என்பது சரி ஆகாது.

இனி மொழி. இலக்கியக்காரர்களுக்கு வேலை இருக்கும் இடம் இதுதான். வெளிநாட்டுக் கேள்வித்தாள்களைத் தமிழாக்கி, இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கி, இரண்டும் ஒத்துப்போனால் சரி என்று வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு மொழிபெயர்ப்பாளரும் ஒரே பாடநூல் தமிழ் படித்தவர்கள் என்றால் நன்றாகவே ஒத்துப்போகும். பேட்டில்தான் ஒத்துப்போகாது. ‘கடந்த இரு வாரங்களில் மனச்சோர்வுற்றிருந்தீர்களா?’ என்று கேட்டால் ‘இல்ல’ என்று பதில் வரும். அதே அம்மா ஐந்து நிமிடம் கழித்து ‘மனசே பாரமா கெடக்குது, ஒண்ணும் ஓடல’ என்பார். ‘மாதவிடாய்’ என்று கேட்டால் முகம் பார்ப்பார்கள், ‘தூரம்’ என்றால் புரியும். ஆனால் தூரம் என்ற சொல்லுக்குள்ளேயே விலக்கி வைத்தல் இருக்கிறது. அதைப் படிவத்தில் அச்சடிப்பதா, வேண்டாமா? இரத்தசோகை என்று யாரும் சொல்வதில்லை, ‘ரத்தம் கம்மி’ என்கிறார்கள். ‘நீங்கள் பாகுபாட்டுக்கு ஆளானதுண்டா?’ என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் இல்லை என்றே சொல்வார்கள். ‘ஆஸ்பத்திரியில் உங்களை எப்படிக் கூப்பிட்டார்கள்? வா என்றா, வாங்க என்றா?’ என்று கேட்டுப் பாருங்கள், கதை வரும். இந்தச் சொற்களையெல்லாம் நம் எழுத்தாளர்கள் கதைகளில் கையாண்டவர்கள். கேள்வித்தாளை இறுதியாக்கும் முன் அவர்களிடம் ஒருமுறை படித்துக் காட்டினால் பாதிப் பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

இப்போது பட்டத்துக்கான வழி. பாகூருக்கும் உயர்கல்விக்கும் பழைய உறவு உண்டு. 9ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைச் சொல்கிறது. அந்த ஊர்களின் வயலில் யார் உழைத்து அந்த மாணவர்கள் படித்தார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். இன்று ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளை ‘சலுகை கேட்கிறேனோ’ என்று கூச வேண்டியதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்தில் சேர முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும், பட்டியல் சாதியினருக்கு 50. குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 6 ஆண்டு. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு நீட்டிப்பும், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. திருமணம் ஆனதும் ஆய்வை விட்டுவிட்ட தங்கைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 ஜூன் முதல் நெட் தேர்வு மூன்று நிலையில் தகுதி தருகிறது. ஜே.ஆர்.எஃப். கிடைக்காவிட்டாலும் முனைவர் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறலாம். அந்தத் தேர்வில் சமூக மருத்துவமும் சமுதாய நலமும் என்று தனிப் பாடமே இருக்கிறது. பொதுச் சுகாதாரம் படித்தவர்கள் பலருக்கு இது தெரியாமல் வேறு பாடத்தில் எழுதித் தோற்கிறார்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை ஆண்டுக்கு 2,000 பேருக்கு. 2023 ஜனவரி முதல் இளநிலைக்கு மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. ஐ.சி.எம்.ஆர். தனியாக ஒரு ஜே.ஆர்.எஃப். தேர்வு நடத்துகிறது. ஜிப்மரைத் தவிர, திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையம், தில்லி ஜே.என்.யு.வின் சமூக மருத்துவ மையம், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், சென்னை தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் ஆகியவற்றையும் பாருங்கள். சாதியும் உடல்நலமும் என்ற தலைப்பைக் கேட்டு முகம் சுளிக்காத நெறியாளர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை அவர்களுடைய கட்டுரைகளைப் படித்தே கண்டுபிடிக்கலாம். சாதிச் சான்றிதழை முதலாண்டிலேயே வாங்கி வையுங்கள். 1964 ஆணையை வைத்துப் பூர்வீகமா, குடிபெயர்ந்தவரா என்று பார்க்கிற ஊர் இது. எல்லைக்கு அந்தப் பக்கம் வேர் உள்ளவர்கள் கடைசி நேரத்தில் அலையக் கூடாது.

வெளிநாடு போக விரும்புவோருக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் 125 இடங்கள் உண்டு. ஆனால் 2022இல் விதியை மாற்றி, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய தலைப்புகளுக்குக் கிடையாது என்றார்கள். நம் வாழ்க்கையை நாம் ஆராய்வதற்கு மட்டும் பணம் இல்லை. பொதுச் சுகாதாரம், நோய்ப்பரவலியல் என்ற துறைப்பெயரில் விண்ணப்பிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் இடையில் நின்றால் படிப்பு என்னாகும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. பரோடா உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார் அம்பேத்கர். 1920இல் மறுபடி போய் 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். எல்லோராலும் அப்படித் திரும்பிப் போக முடிவதில்லை. 2016 ஜனவரியில் ஐதராபாத்தில் ரோகித் வெமுலா, 2017 மார்ச்சில் தில்லியில் சேலத்து முத்துகிருஷ்ணன். இருவரும் ஆய்வு மாணவர்கள். ஆகவே மன்றத்தாரிடம் ஒரு வேண்டுகோள். உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் கைமாற்றாகக் கொடுத்து வாங்க ஒரு சிறு நிதி வையுங்கள். சேர்ந்த முதல் ஆண்டில் தொகை வரப் பல மாதம் ஆகும். நம் பிள்ளைகள் ஊருக்குத் திரும்பி வேலைக்குப் போய்விடுவது அந்த மாதங்களில்தான்.

கடைசியாக, அந்த ஆயா கேட்ட கேள்விக்கு வருகிறோம். எழுதிக்கொண்டு போனவர்கள் என்ன கொண்டுவந்தார்கள்? இரத்தம் எடுத்தால் அளவைச் சீட்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள், குறைவாக இருந்தால் எங்கே போக வேண்டும் என்பதோடு. ஆய்வு முடிந்ததும் இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பு ஒன்று அச்சடித்து, இரவு 7 மணிக்கு மேல், எல்லோரும் வீடு திரும்பிய நேரத்தில், பேட்டில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். இதற்கான நாளையும் செலவையும் முன்மொழிவிலேயே சேருங்கள். ஊர்க்காரர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. நாங்கள் இரண்டு பேட்டுகளில் ஒரு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறோம். வந்தவர் பெயர், எந்தக் கல்லூரி, என்ன கேட்டார், இரத்தம் எடுத்தாரா, முடிவைச் சொல்வதாகச் சொன்ன தேதி. கடைசிக் கட்டத்தில், சொன்னாரா இல்லையா.